சுசீலா கட்சியும் ஜானகி கட்சியும்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

தமிழ்நாட்டில் அரசியலுக்கு அடுத்தபடியாக மக்கள் அதிகம் வாதிடுவது பாட்டைப் பற்றித்தான் எனலாம். தேநீர்க் கடை, பேருந்து, திருமண வீடு என எங்கே நான்கு பேர் கூடினாலும் அங்கே இரண்டு கட்சிகள் பிறந்துவிடும். நம் தாத்தாக்கள் டி.எம்.சௌந்தரராஜனா, பி.பி.ஸ்ரீனிவாஸா என்று வாதிட்டார்கள். நம் தந்தையர் எஸ்.பி.பாலசுப்பிரமணியமா, கே.ஜே.யேசுதாஸா என்று வாதிட்டார்கள். நம் பாட்டியரும் அன்னையரும் மட்டும் சும்மா இருந்தார்களா? அவர்களுடைய வழக்கு பி.சுசீலாவா, எஸ்.ஜானகியா என்பது.

எங்களில் பலருடைய வீட்டில் பாட்டி சுசீலா கட்சி, அம்மா ஜானகி கட்சி. மாலையில் கொடைக்கானல் பண்பலையில் பழைய பாடல் ஒலித்தால், அடுப்படியிலிருந்து ஒரு குரலும் திண்ணையிலிருந்து ஒரு குரலும் கிளம்பும். "சுசீலா குரல் தேன்" என்பார் பாட்டி. "தேன் இருந்து என்ன? ஜானகி பாடினால் அந்தப் பொண்ணே முன்னால வந்து நிக்கிறா" என்பார் அம்மா. இந்த வழக்கு வீட்டிலிருந்து எங்கள் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது. மதிய உணவு வேளையில் வகுப்பு சரிபாதியாகப் பிரிந்து நின்றது. அன்று தீர்ப்பு ஏதும் கிடைக்கவில்லை. ஆகவே, வாக்கெடுப்பு நடத்தாமல் இதை ஒரு பாடமாகவே எடுத்துப் படித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அந்தப் படிப்பின் பயனே இக்கட்டுரை.

குரல் பிறக்கும் விதம்

வழக்கில் இறங்குமுன் வழக்குப் பொருளை அறிந்து கொள்ள வேண்டும் அல்லவா? பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒலியியல் என்றொரு பாடம் இருக்கிறது. அதையும் கீழ் வகுப்புகளில் படித்ததையும் கொண்டே குரலைப் புரிந்து கொள்ளலாம்.

நம் தொண்டையில் குரல்வளை இருக்கிறது. அதனுள் குரல் நாண்கள் என்னும் இரண்டு மெல்லிய தசை மடிப்புகள் உள்ளன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றின் இடையே புகும்போது அவை அதிர்கின்றன. ஒரு வினாடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்பதே அதிர்வெண். சாதாரணமாகப் பேசும்போது ஆண்களின் குரல் நாண்கள் வினாடிக்கு 100 முதல் 130 முறை வரையிலும், பெண்களின் குரல் நாண்கள் ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. நாண்கள் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருந்தால் சுருதி உயரும். நீளமாகவும் தடிப்பாகவும் இருந்தால் சுருதி தாழும். சிறுவர்கள் வளரும்போது நாண்கள் சட்டென்று நீண்டு குரல் உடைகிறது. இதைத்தான் நம் பெரியவர்கள் மகரக்கட்டு என்றார்கள். நாடகக் கம்பெனிகளில் பெண் வேடமிட்டுப் பாடிய சிறுவர்கள் மகரக்கட்டு வந்ததும் வேடத்தை இழந்த கதைகள் பல உண்டு.

ஆனால் சுருதி மட்டுமே குரல் ஆகிவிடாது. வீணையும் புல்லாங்குழலும் ஒரே சுரத்தை ஒலித்தாலும் எது வீணை, எது குழல் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறோம். காரணம் ஒலியின் தரம். ஒரு குரல் வினாடிக்கு 200 முறை அதிரும்போது அதனுடன் 400, 600, 800 என்று மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன. தொண்டை, வாய், மூக்கறை ஆகியவற்றின் வடிவத்தைப் பொறுத்து அவற்றுள் சில வலுக்கின்றன, சில மங்குகின்றன. ஒவ்வொருவருக்கும் இந்த அறைகள் வேறு வேறு வடிவத்தில் இருப்பதால் ஒருவர் குரல் போல் மற்றவர் குரல் இருப்பதில்லை. வாயைத் திறக்கும் அளவையும், நாக்கை வைக்கும் இடத்தையும், மூச்சை விடும் விதத்தையும் மாற்றினால் ஒருவரே தம் குரலின் தரத்தை மாற்றிக் கொள்ளவும் முடியும்.

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. குரலில் ஒரு பகுதி பிறவியில் வருவது. மறு பகுதி பயிற்சியால் அமைவது. "அவருக்குக் குரல் வரம்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வரத்தின் பின்னே எத்தனை ஆண்டு உழைப்பு இருக்கிறது என்பதை எண்ணுவதில்லை.

சுசீலா கட்சியின் வாதம்

பி.சுசீலா 1935-ஆம் ஆண்டு ஆந்திரத்தின் விஜயநகரத்தில் பிறந்தவர். முறையாகக் கர்நாடக இசை பயின்றவர். 1950-களின் தொடக்கத்தில் 'பெற்ற தாய்' படத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தார். 1968-ஆம் ஆண்டின் படங்களுக்கு வழங்கப்பட்ட தேசிய விருதுகளில் 'உயர்ந்த மனிதன்' பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகி விருதைப் பெற்றார். பின்னணிப் பாடகிக்கு என்று அவ்விருது அளிக்கப்பட்டது அதுவே முதல் முறை. பல மொழிகளில் 17,695 பாடல்கள் பாடியமைக்காக 2016-ஆம் ஆண்டு கின்னஸ் நூலில் இடம் பெற்றார்.

சுசீலா கட்சியார் மூன்று சான்றுகளை முன்வைக்கிறார்கள். முதலாவது, குரலின் சீர்மை. கீழ் சுரத்திலிருந்து மேல் சுரத்திற்கு ஏறினாலும் அவர் குரலின் தரம் மாறுவதில்லை. ஒரே நிற நூலால் நெய்த பட்டுப் போல் தொடக்கம் முதல் முடிவு வரை இழை ஒன்றாகவே இருக்கும். இரண்டாவது, சொல் தெளிவு. அவருடைய தாய்மொழி தெலுங்கு. ஆயினும் லகர, ளகர, ழகரங்கள் அவர் பாட்டில் பிசகுவதில்லை. தமிழாசிரியை சொல்வதெழுதல் நடத்தும்போது அவருடைய பாடலை ஒலிக்கவிட்டால் நாங்கள் பிழையின்றி எழுதிவிடுவோம். மூன்றாவது, அடக்கம். சோகப் பாட்டிலும் அவர் அழுது காட்டுவதில்லை. மெட்டுக்குள்ளேயே துயரம் இருக்கும். அழுவது கேட்பவர் வேலையாகிவிடுகிறது.

அந்நாளில் ஒலிப்பதிவு எப்படி நடந்தது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். பாடகரும் இசைக்குழுவினர் அனைவரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைப்பார்கள். நடுவில் ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்று வரி வரியாகப் பாடி ஒட்டிக் கொள்ளலாம், சுருதி பிசகினால் கணினியில் திருத்தவும் செய்யலாம். அன்று அந்த வசதி கிடையாது. அச்சூழலில் அப்படிப் பிசிறில்லாமல் பாடியது எளிய செயலன்று.

ஜானகி கட்சியின் வாதம்

எஸ்.ஜானகி 1938-ஆம் ஆண்டு ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் பிறந்தவர். 1957-ஆம் ஆண்டு 'விதியின் விளையாட்டு' என்னும் தமிழ்ப் படத்தில் முதன்முதலாகப் பாடினார். 1962-இல் வெளியான 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்துடன் போட்டியிட்டு அவர் பாடிய பாடல், பாட்டுக் கற்பவர்கள் இன்றும் அஞ்சி அஞ்சித் தொடும் பாடலாக இருக்கிறது. நாகசுரம் கோயில் வீதி முழுவதும் கேட்கும் பெருங்கருவி. அதன் வளைவுகள் அனைத்தையும் தொண்டையால் தொடர்ந்து செல்வது சிறிய காரியமா?

ஆனால் ஜானகி கட்சியார் இதை முதற் சான்றாகக் காட்டுவதில்லை. "அவர் குரலை மாற்றுவார்" என்பதே அவர்களுடைய முதல் வாதம். 'மௌன கீதங்கள்' (1981) படத்தில் ஒரு சிறுவனின் குரலாகவே மாறிப் பாடியிருக்கிறார். கேட்டவர்கள் உண்மையில் ஒரு பிள்ளைதான் பாடுகிறது என்று எண்ணினார்கள். சிரிப்பு, சிணுங்கல், பெருமூச்சு, கிசுகிசு ஆகிய எல்லாவற்றையும் சுருதி விலகாமல் பாட்டுக்குள் கொண்டு வருவார். இத்தனையையும் செய்யும்போது அவருடைய முகமும் கையும் அசைவதில்லை. மேடையில் அவர் பாடுவதைப் பார்த்தால், தாளைப் பார்த்தபடி அசையாமல் நிற்பார். நடிப்பு முழுவதும் குரலுக்குள்தான்.

'16 வயதினிலே' படப் பாடலுக்காக அவர் தேசிய விருது பெற்றார். அப்படத்தின் இயக்குநர் பாரதிராஜா நம் தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்தவர் என்பது நமக்குப் பெருமை. அதற்கு முந்தைய ஆண்டின் படங்களுக்கான விருதைப் பெற்றவர் சுசீலா! ஓராண்டு இவர், மறு ஆண்டு அவர். மொத்தக் கணக்கில் சுசீலாவுக்கு ஐந்து தேசிய விருதுகள், ஜானகிக்கு நான்கு. 2008-இல் சுசீலா பத்ம பூஷண் பெற்றார். 2013-இல் அதே விருது அறிவிக்கப்பட்டபோது மிகவும் காலம் தாழ்ந்து வந்தது என்று கூறி ஜானகி அதை ஏற்க மறுத்தார். ஆக, விருதுகளை எண்ணி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

வழக்கின் முடிச்சு

இரு கட்சி வாதங்களையும் எழுதி வைத்து நாங்கள் மீண்டும் படித்தபோது ஒன்று விளங்கியது. இரு கட்சியாரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லவே இல்லை. சுசீலா கட்சியார் குரலின் தரம் மாறாமல் இருப்பதைப் புகழ்கிறார்கள். ஜானகி கட்சியார் குரலின் தரம் மாறுவதைப் புகழ்கிறார்கள். "மாறாதது எவ்வளவு அழகு!" என்று ஒருவர் சொல்ல, "மாறுவது எவ்வளவு அழகு!" என்று மற்றவர் சொல்கிறார். கும்பக்கரை அருவி அழகா, வைகை அணை அழகா என்று கேட்பது போன்றதுதான் இது. ஒன்று பாய்வதால் அழகு, ஒன்று நிறைந்து நிற்பதால் அழகு. இரண்டிலும் உள்ளது தண்ணீர்தான்.

இந்த உண்மையை நன்கு அறிந்தவர் ஒருவர் நம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே பிறந்திருக்கிறார். அவர் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவில் ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவர். அவர் இசையமைத்த முதல் படம் 'அன்னக்கிளி' 1976-இல் வெளிவந்தது. அப்படத்தில் வயல்வெளி வாசம் வீசும் துள்ளல் பாடலை ஜானகிக்குக் கொடுத்தார். உற்றார் இல்லாத ஒருத்தியின் துயரைச் சொல்லும் பாடலைச் சுசீலாவுக்குக் கொடுத்தார். டி.எம்.சௌந்தரராஜனுக்கும் அதில் ஒரு பாடல் உண்டு. வாழ்வில் முதல் வாய்ப்பு வந்தபோது, வயதில் இளையவரான அந்த இசையமைப்பாளர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எந்தப் பாட்டுக்கு எந்தக் குரல் வேண்டும் என்று மட்டும் பார்த்தார்.

டி.எம்.சௌந்தரராஜனைப் பற்றியும் இங்கே ஒரு சொல். மதுரையில் பிறந்த அவர் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜி கணேசனுக்கும் பாடினார். திரையில் முகம் தெரியாமல் பாட்டை மட்டும் கேட்டாலும் இது யாருக்காகப் பாடியது என்று ரசிகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். திரையரங்க வாசலில் இரு நடிகர்களின் ரசிகர்களும் மோதிக் கொண்டார்கள். இரு தரப்பும் மகிழ்ந்து கேட்ட குரலோ ஒருவருடையதுதான்!

கடல் கடந்த வழக்கு

இந்த வழக்கு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தோன்றி உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் என்னும் ராக் இசைக்குழு 1970-இல் பிரிந்தது. அக்குழுவின் ஜான் லெனன் குரல் சிறந்ததா, பால் மக்கார்ட்னி குரல் சிறந்ததா என்று அரை நூற்றாண்டு கடந்தும் ரசிகர்கள் வாதிடுகிறார்கள். மக்கார்ட்னியின் குரல் வழவழப்பானது, உயரங்களை எளிதில் தொடுவது. லெனனின் குரல் சற்றே கரகரத்தது, மனத்தில் உள்ளதை அப்படியே கொட்டுவது.

1963-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் ஒரே நாளில் தங்கள் முதல் நீண்ட இசைத்தட்டின் பெரும் பகுதியை அவர்கள் பதிவு செய்தார்கள். லெனனுக்கு அன்று சளி. தொண்டையைப் பிய்த்தெடுக்கும் ஒரு பாடலைக் கடைசியாக வைத்துக் கொண்டார்கள். அதற்குள் அவர் குரல் கட்டிப் போயிருந்தது. அந்தக் கட்டிய குரலிலேயே அவர் பாடிய முதல் பதிவுதான் தட்டில் இடம் பெற்றது. இனிமை என்னும் அளவுகோலால் அளந்தால் அப்பாடல் தேறாது. ஆயினும் அந்த வேகத்திற்காகவே மக்கள் அதை விரும்பினார்கள். இதில் வியப்பு என்னவென்றால், லெனனுக்குத் தம் குரலே பிடிக்காது. பதிவு செய்யும்போது அதை மாற்றிக் காட்டும்படி அடிக்கடி கேட்பாராம். உலகம் கொண்டாடிய குரலை அதன் உரிமையாளரே மறைக்க விரும்பினார்!

இரு கட்சியும் மறந்த குரல்கள்

இந்த இடத்தில்தான் எங்கள் படிப்பு வேறு பக்கம் திரும்பியது. சுசீலா கட்சி, ஜானகி கட்சி இரண்டும் எல்லாவற்றிலும் மாறுபட்டாலும் ஒன்றில் மட்டும் உடன்படுகின்றன. பெண் குரல் என்றால் அது மெல்லியதாகவும் உயர்ந்ததாகவும் இருக்க வேண்டும் என்பதே அது. இது என்றைக்கும் இருந்த சட்டமா?

இல்லை. கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பாடி வளர்ந்தவர் அவர். கணீரென்ற வெண்கல மணிக் குரல் அவருடையது. 1935-இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமான நந்தனாராகவே நடித்துப் பாடினார். அதற்காக அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் யாரும் கேட்டிராத தொகை அது. 1953-இல் வெளியான படத்தில் ஔவையாராக வந்து நாட்டையே தம் குரலால் ஆண்டார். "பெண் குரலாக இல்லையே" என்று அவரை யாரும் ஒதுக்கவில்லை.

பிறகு ஒலிவாங்கி வந்தது. வாயருகே மெதுவாகப் பாடினாலும் போதும் என்றாயிற்று. தூரத்தை எட்டும் குரலுக்குத் தேவை குறைந்தது. மென்மையான குரலுக்கு மதிப்புக் கூடியது. அதில் தவறொன்றும் இல்லை. அந்த மாற்றம் இல்லாவிட்டால் சுசீலாவின் நுணுக்கமும் ஜானகியின் கிசுகிசுப்பும் நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் ஒரு கருவி கொண்டு வந்த பழக்கத்தை நாம் இயற்கையின் சட்டம் என்று எண்ணத் தொடங்கிவிட்டோம்.

அடுத்து எல்.ஆர்.ஈஸ்வரி. சென்னையில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய முழுப்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி ஈஸ்வரி. தாயோடு குழுப்பாடகியாகத் தொடங்கி முன்னேறியவர். 'பாசமலர்' (1961) படத்தில் மணப்பெண்ணைத் தோழியர் அழைத்து வரும் பாடலைப் பாடினார். அப்பாடல் ஒலிக்காத திருமண வீடு தமிழ்நாட்டில் இருந்திருக்காது. ஆனால் அவருடைய குரலில் இருந்த துணிச்சலுக்காகப் பெரும்பாலும் நடன விடுதிப் பாடல்களையே அவருக்குக் கொடுத்தார்கள். கதாநாயகி பாடுவது ஒரு குரல், கூத்தாடும் பெண் பாடுவது வேறு குரல் என்று திரையுலகம் கோடு கிழித்திருந்தது. அதே குரல் ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கிகளில் பக்தியோடு முழங்கும்போது ஊரே மெய்சிலிர்க்கிறது. குரல் மாறவில்லை. அதைக் கேட்கும் நம் மனம்தான் மாறுகிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்? எங்களில் ஒருத்திக்குக் கனத்த குரல். சிறு வயதில் அவள் நன்றாகப் பாடுவாளாம். ஒரு விசேஷ வீட்டில் உறவினர் ஒருவர், "என்னடி இது, ஆம்பளைக் குரலா இருக்கு!" என்று எல்லோர் முன்னிலையிலும் சிரித்திருக்கிறார். அன்று முதல் அவள் பாடுவதை விட்டுவிட்டாள். காலை வழிபாட்டிலும் வாயை மட்டும் அசைப்பாள், ஒலி வராது. வகுப்பில் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் எழுந்து சொல்லத் தயங்குவாள். பாட்டிலே தொடங்கிய கூச்சம் பேச்சையும் பிடித்துக் கொண்டது. யார் குரல் சிறந்தது என்று பொழுதுபோக்காக வாதிடும்போது, நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவள் தன் குரலை எந்தத் தராசில் வைத்துப் பார்க்கிறாள் என்பதை நாம் அறிவதில்லை.

பாடகர் குழுவில் பயிற்சி அளிக்கும் சிஸ்டர் எங்களுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார். மேல்நாட்டு முறையில் பல குரல்கள் சேர்ந்து பாடும்போது பெண்களின் உயர்ந்த குரலைச் சொப்ரானோ என்றும், தாழ்ந்த குரலை ஆல்ட்டோ என்றும் அழைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு சுரங்களைப் பாடும், இரண்டும் சேர்ந்தால்தான் இசை நிறையும். எல்லோரும் மேல் குரலையே பாடினால் கூரை மட்டும் இருக்கும், தூண் இருக்காது. கனத்த குரல் குறையுள்ள குரல் அன்று. அதற்குரிய வரிசை ஒன்று இருக்கிறது. அந்த வரிசையை அமைத்துக் கொடுக்காத இடத்தில்தான் அது குறையாகத் தெரிகிறது. சிஸ்டர் இதைச் சொன்ன பிறகு எங்கள் தோழி இரண்டாம் குரலில் நிற்கச் சம்மதித்தாள். முதல் வாரம் மெல்ல முணுமுணுத்தாள். இப்போது அவள் வராத நாளில் பாட்டு ஒல்லியாகக் கேட்கிறது என்று நாங்களே சொல்கிறோம்.

குரலைக் கேட்கும் முறை

வாதிடுவது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. வாதிடுவதால்தான் கூர்ந்து கேட்கக் கற்கிறோம். ஆனால் கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளையும் கேட்ட பிறகு வாதிட்டால் வாதம் பயனுடையதாகும்.

1. சுருதி: பாட்டு எந்த உயரத்தில் இருக்கிறது? மிகக் கீழும் மிக மேலும் செல்லும் இடங்களில் குரல் நலிகிறதா, நிற்கிறதா?

2. சொல்: பாட்டின் சொற்களை முதல் முறையே எழுத முடிகிறதா? வல்லினமும் ழகரமும் எப்படி ஒலிக்கின்றன?

3. மூச்சு: பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார்? சொல்லை உடைத்து வாங்குகிறாரா, பொருள் முடிந்த இடத்தில் வாங்குகிறாரா?

4. மாற்றம்: முதல் வரியில் இருந்த குரலும் கடைசி வரியில் இருந்த குரலும் ஒன்றா? மாறியிருந்தால் எதற்காக மாறியது?

5. பொருத்தம்: இந்தப் பாட்டைப் பாடுவதாகக் கதையில் வரும் பெண் யார்? அவளுக்கு இந்தக் குரல் பொருந்துகிறதா?

இதை ஒரு வாரம் வீட்டில் செய்து பாருங்கள். பாட்டியையும் அம்மாவையும் சேர்த்துக் கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரே இசையமைப்பாளரின் இரு பாடல்களைத் தேர்ந்து, படக் காட்சியைப் பார்க்காமல், கண்ணை மூடிக் கேளுங்கள். "எனக்குப் பிடிக்கும்" என்பதோடு நிற்காமல் "இந்த இடத்தில், இந்தக் காரணத்தால் பிடிக்கும்" என்று சொல்லிப் பழகுங்கள். எங்களில் ஒருத்தியின் பாட்டி மூன்றாம் கேள்வியைக் கேட்டுவிட்டு, ஜானகியின் பாட்டு ஒன்றை மூன்று முறை போடச் சொன்னார். கட்சி மாறவில்லை. ஆனால் "மூச்சு வாங்குறதே தெரியலையே" என்று எதிர்க்கட்சியை முதன்முறையாகப் புகழ்ந்தார்.

முடிவுரை

ரசிகர்கள் சண்டையிடும்போது பாடகர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? 1991-இல் வெளிவந்த 'தளபதி' படத்தில் எஸ்.பி.பாலசுப்பிரமணியமும் யேசுதாஸும் நட்பைப் போற்றும் ஒரு பாடலைச் சேர்ந்து பாடினார்கள். 2017-இல் தம் இசைப் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி பாலசுப்பிரமணியம், யேசுதாஸின் பாதங்களைக் கழுவி வணங்கினார். அவரைத் தம் குரு என்றார். எந்த இருவரை வைத்து நம் தந்தையர் வாதிட்டார்களோ, அந்த இருவரிடையே பணிவுதான் இருந்தது.

அன்புத் தோழியரே! இறைவன் ஒரே அச்சில் எல்லாக் குரல்களையும் வார்க்கவில்லை. குயிலுக்கு ஒரு குரல், மயிலுக்கு ஒரு குரல், மலையில் இடிக்கும் மழைக்கு ஒரு குரல். உங்கள் குரல் மெல்லியதாயினும் கனத்ததாயினும் கரகரத்ததாயினும் அதற்குச் சுருதி சேர்க்கலாம், சொல் தெளிவு சேர்க்கலாம், மூச்சுப் பயிற்சி சேர்க்கலாம். சேர்த்த பின் அது உங்களுக்கே உரிய குரல். அதைக் கொண்டு பாடுங்கள், படியுங்கள், நியாயம் கேட்க வேண்டிய இடத்தில் எழுந்து நின்று கேளுங்கள்.

பாடகர் குழுவின் பயிற்சி வெள்ளிக்கிழமை தோறும் மாலை வகுப்பு முடிந்ததும் நடைபெறுகிறது. இரண்டாம் குரலில் இன்னும் சிலருக்கு இடம் இருக்கிறது. கீழ் வகுப்புத் தங்கைகளும் தயங்காமல் வாருங்கள்.